அக்டோபரில் ஒரு தடவை வந்து பார்

கண்ணா,

அப்பா போன பிறகு இந்த ஸ்காட்லாந்து மீனவ ஊரில், ஐமவுத்தில் தனியாக இருந்து என்ன செய்யப் போகிறாய், லீட்ஸுக்கு வந்துவிடு என்று சொன்னாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். போனில் சரியாகப் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடற்கரை நடைபாதையில் சின்னச் சின்ன உருவங்களாக ஒரு வெண்கலச் சிலை இருக்கிறதே, கடலைப் பார்த்து நிற்கும் பெண்களும் குழந்தைகளும், நீ அதைத் தாண்டிப் போயிருக்கிறாய், நின்று பார்த்ததில்லை. அது 1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமையின் நினைவு. அந்த வாரம் மோசமான காற்றால் படகுகள் கிளம்பவில்லை, வீடுகளில் காசில்லை. அன்று காலை கடல் அமைதியாக இருந்தது, ஆனால் பாரோமீட்டர் மிகவும் இறங்கிக் கிடந்தது, புயல் வரும் என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மீனவர்கள் போனார்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டுமே. மதியத்தில் வானம் கறுத்துப் புயல் அடித்தது. இந்தக் கரை முழுக்க 189 பேர் இறந்தார்கள், இந்தச் சின்ன ஊரில் மட்டும் 129 பேர். சில படகுகள் துறைமுக வாசல்வரை வந்து, ஹர்க்கர் பாறைகளில் மோதி உடைந்தன. கரையில் நின்ற மனைவிமார் கண்ணெதிரில். பிடித்த மீனில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம் என்று தேவாலயத்துக்குக் கட்டியவர்கள் இந்த ஊர் மீனவர்கள், அதை எதிர்த்து வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவரின் தலைமையில் பல வருடம் போராடியவர்கள். அந்தக் காசெல்லாம் துறைமுகத்தை ஆழப்படுத்தப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்தவர்கள்தான் இன்று என் தெருவில் இருக்கிறார்கள். அப்பா காரியம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டம்மா காகிதத்தில் சுற்றிய ஹாடக் மீனோடு வந்து, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு மணி நேரம் அடுப்படியில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் அன்றைக்குப் போனவர்தான். இப்போதும் காலையில் நான் ஜன்னல் திரையை விலக்கவில்லை என்றால் பத்து மணிக்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். உன் ஊரில் நீ வேலைக்குப் போன பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்.

குளிர் கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஹார் என்கிற கடல்பனி இறங்கினால் எதிர்வீடுகூடத் தெரியாது, அப்போது முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ளும். அது விலகியதும் கம்பை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், நண்டுக் கூடைகளை இறக்குவதைப் பார்ப்பேன், படகோரம் சீல்கள் தலையை நீட்டும். அப்பாவும் அங்கேதான் நிற்பார்.

இந்த வருடம் அக்டோபர் 14-க்கு வா. ரெஸ்டன் ஸ்டேஷனை 2022-இல் திறந்துவிட்டார்கள், அங்கே இறங்கினால் பக்கம்தான். மியூசியத்தில் 1981-இல் நூற்றாண்டு நினைவாக ஊர்ப் பெண்கள் தைத்த பெரிய திரைச்சீலையைக் காட்டுகிறேன், அப்புறம் சிலைக்குப் போவோம். ஹாடக்கில் புளிக்குழம்பு வைக்கிறேன். காற்று பலமாக இருக்கும், அப்பாவின் கனத்த கோட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மா