நடைபாதையில் ஒரு தடுக்கல்

ஆசிரியருக்கு,

யூதர்கள் தோராவை (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை) 54 பகுதிகளாக்கி, கிழமைக்கிழமை வாசித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள். அதில் லேவியராகமம் 19ஆம் அதிகாரமும் வரும்: பார்வையற்றவன் முன்னே தடுக்கல் வைக்காதே. நான் சைவக்காரி, பக்கத்து வீட்டு அக்காவின் வேதாகமத்தில்தான் பார்த்தேன்.

போன கிழமை, கண் தெரியாத தம்பியோடு யாழ்ப்பாண பஸ் நிலையத்தடிக்குப் போனேன். நடைபாதை முழுக்க வாளி, வாழைக்குலை, குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள். சைலன்சர் அவன் காலைச் சுட்டுவிட்டது. "பார்த்துக் கூட்டிக்கொண்டு வாறதுக்கென்ன?" என்று கடைக்காரர் என்னைத்தான் கேட்டார். அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அதே தோராவின் யாத்திராகமம் 30இல், மக்கள் கணக்கெடுப்பில் எண்ணப்படும் 20 வயது தாண்டிய ஒவ்வொருவரும் கொடுக்கும் காணிக்கை அரைச் சேக்கல்தான் (சேக்கல் என்பது அந்தக் கால எடை அளவு). பணக்காரன் கூட்டவும் ஏலாது, ஏழை குறைக்கவும் ஏலாது. அந்தக் கணக்கில் எல்லாரும் ஒன்றுதான்; என் தம்பியை மட்டும் ஏன் ஆளாகவே எண்ணவில்லை? (பெண்களை எண்ணவில்லை, அது வேறு கதை.)

அந்த மோட்டார் சைக்கிள் நேற்றும் அங்கேதான் நின்றது.

வாசகி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்