ஏற்கெனவே வரி கட்டிய எழுபதாயிரம் டாலர்: நியூ ஜெர்சித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சி மாநிலத்தில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் இம்மாநிலத்துக்கு வந்து குடியேறிய நம்மவர்களில் பலர் இப்போது அறுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். வேலையை விட்ட கையோடு ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே தவணையில் எடுத்து வீட்டுக் கடனை அடைப்பதா, ஊரில் ஒரு வீடு கட்டுவதா என்ற பேச்சு நம் விருந்துகளில் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பேச்சில் ஃபெடரல் வரி, அதாவது அமெரிக்க நடுவண் அரசின் வரி, தவறாமல் இடம்பெறுகிறது. மாநில வரியைப் பற்றிக் கேட்டால், ஃபெடரல் படிவத்திலுள்ள தொகையை அப்படியே மாநிலப் படிவத்தில் எழுதுவதுதானே என்ற பதில் வருகிறது. கணக்கு எழுதியே பிழைத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், நண்பர்கள் சிலருடைய பழைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையிலும், அந்தப் பதில் நம் மாநிலத்துக்குப் பொருந்தாது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

பல மாநிலங்கள் ஃபெடரல் படிவத்தில் கிடைக்கும் திருத்திய மொத்த வருமானத்தை எடுத்துக்கொண்டு, அதில் சிலவற்றைக் கூட்டியும் கழித்தும் தம் வரியைக் கணக்கிடுகின்றன. 1976-இல் வருமான வரியைக் கொண்டுவந்த நியூ ஜெர்சி அவ்வழியில் செல்லவில்லை. எது வருமானம், எது கழிவு என்பதைத் தன் சட்டத்திலேயே தனித்தனியாக வரையறுத்துக்கொண்டது. இதன் விளைவு ஓய்வுக்காலத் திட்டங்களில்தான் மிகக் கூர்மையாகத் தெரிகிறது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் ஊழியர் கட்டும் பணத்துக்கு 1984 முதல் இம்மாநிலம் வரி விலக்கு அளிக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுவோர் அதுபோன்ற 403(பி) திட்டத்தில் கட்டும் பணத்துக்கோ, ஒருவர் தாமே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கான மரபுவழி ஐஆர்ஏ-யில் போடும் பணத்துக்கோ அந்த விலக்கு இல்லை. அதாவது, பேராசிரியரோ ஆய்வாளரோ செவிலியரோ ஒவ்வொரு மாதமும் 403(பி)-யில் கட்டிய பணத்துக்கு ஃபெடரல் வரி அப்போது தள்ளிவைக்கப்பட்டது. நியூ ஜெர்சி வரியோ சம்பளத்தோடு சேர்த்து அப்போதே வசூலிக்கப்பட்டுவிட்டது. ஒருமுறை வரி கட்டிய பணம் என்பதால், திரும்பி வரும்போது மாநிலம் அதற்கு மீண்டும் வரி கேட்பதில்லை. ஆனால் அது முன்பே வரி கட்டிய பணம் என்று மாநிலத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு நம்முடையது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணத்தை எடுத்த மறு ஆண்டின் தொடக்கத்தில், எடுத்த தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவம் வந்து சேர்கிறது. அதன் 2ஏ கட்டத்திலுள்ள வரிக்குரிய தொகை ஃபெடரல் சட்டப்படி கணக்கிட்டது. வரி மென்பொருளில் அதைப் பதிவுசெய்துவிட்டு, மாநிலப் பகுதியில் வரும் கேள்விகளைப் படிக்காமல் கடந்துபோனால், அதே தொகை மாநிலப் படிவத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை; இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் எவ்வளவு கட்டினோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இருவருமே 62 வயதைத் தாண்டிய, கூட்டாகப் படிவம் தாக்கல் செய்யும் ஒரு தம்பதியரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணவருடைய 403(பி) கணக்கில் 1,80,000 டாலர் இருக்கிறது. அதில் அவர் தம் சம்பளத்திலிருந்து கட்டியது 70,000. மீதி, நிறுவனம் போட்டதும் முதலீட்டின் வளர்ச்சியும். முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்கிறார். வங்கி வட்டியாக இன்னும் 10,000 டாலர் வருகிறது. 1099-ஆர் படிவத்திலுள்ளதை அப்படியே எழுதினால் மொத்த வருமானம் 1,90,000 ஆகிறது. தனிநபர் கழிவுகளையும் சொத்து வரிக் கழிவையும் சேர்க்காமல் பார்த்தால் மாநில வரி 8,060 டாலர்.

சரியாகக் கணக்கிட்டால், 1,80,000-இல் 70,000 முன்பே வரி கட்டியது. வரிக்குரியது 1,10,000 மட்டுமே. வட்டியோடு மொத்த வருமானம் 1,20,000. இந்த இடத்தில் இரண்டாவது விதி ஒன்று வந்து சேர்கிறது. 62 வயதானவர்களுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் நியூ ஜெர்சி ஓய்வூதிய விலக்கு தருகிறது. கூட்டாகத் தாக்கல் செய்வோரின் மொத்த வருமானம் 1,00,000 டாலருக்கு மேற்படாவிட்டால், அந்த அளவுவரை ஓய்வூதியம் முழுவதும் விலக்கு. 1,00,001 முதல் 1,25,000 வரை என்றால் ஓய்வூதியத்தில் பாதி விலக்கு. 1,50,000 வரை என்றால் கால்பங்கு. அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் ஒன்றுமில்லை. நம் தம்பதியர் இரண்டாவது படியில் நிற்கிறார்கள். 1,10,000-இல் பாதியான 55,000 கழிய, வரி கணக்கிடும் தொகை 65,000 ஆகிறது. வரி ஏறத்தாழ 1,172 டாலர்.

8,060 எங்கே, 1,172 எங்கே? ஏழாயிரம் டாலரை நெருங்கும் இந்த வித்தியாசம், எழுபதாயிரத்துக்கு இரண்டாம் முறை வரி கட்டியதால் மட்டும் வந்ததன்று. அந்த எழுபதாயிரம் மொத்த வருமானத்தை 1,50,000 என்ற எல்லைக்கு அப்பால் தள்ளி, அவர்களுக்குச் சேர வேண்டிய விலக்கு முழுவதையும் பறித்துவிட்டது. ஒரு பிழை இன்னொன்றைப் பெற்றெடுக்கிறது. 2021-க்கு முன் இந்தப் படிகளும் இல்லை; 1,00,000 டாலரைத் தாண்டினால் விலக்கு முழுவதும் போய்விடும். படிகள் வந்தது நன்மையே என்றாலும், அவை சரிவாக இறங்காமல் செங்குத்தாக நிற்பது எனக்கு இன்றும் உடன்பாடில்லாத ஒன்று. 401(கே) வைத்திருப்போருக்கு முன்பே வரி கட்டிய பணம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் இந்தச் செங்குத்துப் படிகள் அவர்களுக்கும் உண்டு என்பதால், பணம் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுப்பதா, ஐஆர்ஏ கணக்குக்கு நேரடியாக மாற்றிவிட்டு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதா என்பதை முடிவெடுக்கும் முன்பே மாநில வரியையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கட்டினோம் என்பதற்குச் சான்று, நிறுவனம் ஆண்டுதோறும் சம்பளக் கணக்காகத் தந்த பழைய டபிள்யூ-2 படிவங்களே. 12-ஆம் கட்டத்தில் ‘ஈ’ என்ற குறியீட்டோடு வரும் தொகை 403(பி)-யில் கட்டியது. ‘டி’ என்றால் 401(கே). ஃபெடரல் சம்பளத்துக்கும் மாநிலச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டிய தொகை என்று குறுக்குவழியில் கணக்குப் போட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பணமும் அந்த வித்தியாசத்துக்குள் கலந்திருக்கக்கூடும். கூடுதலாக வரி கட்டிவிட்டவர்களும் கலங்க வேண்டியதில்லை. படிவம் தாக்கல் செய்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தப் படிவம் அளித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

பிடித்தம் பற்றியும் ஒரு சொல். மொத்தத் தொகையை நம் கையில் வாங்கினால் ஃபெடரல் வரிக்கென 20 விழுக்காட்டைக் கட்டாயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு நாமாகக் கேட்டால்தான் பிடிப்பார்கள். பிடித்ததுபோக 400 டாலருக்கு மேல் மாநில வரி வரும் என்றால், ஆண்டுக்குள்ளேயே மதிப்பீட்டு வரியாகக் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் வரியோடு வட்டியும் சேரும்.

அடுத்தது, ஊருக்குத் திரும்புகிறவர்களின் நிலை. விமானம் ஏறுவதற்கு முன்பே எல்லாக் கணக்குகளையும் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் நம்மிடம் அதிகம். ஆனால் ஒரு மாநிலம் தன் குடியிருப்பாளர் அல்லாதவரின் ஓய்வுக்கால வருமானத்துக்கு வரி விதிக்கக் கூடாது என்று 1996-இல் இயற்றப்பட்ட ஃபெடரல் சட்டம் சொல்கிறது. 401(கே), 403(பி), ஐஆர்ஏ ஆகியவற்றிலிருந்து மொத்தமாக எடுக்கும் பணத்துக்கும் அது பொருந்தும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் எடுத்தால் நியூ ஜெர்சிக்கு வரி உண்டு; சட்டப்படி குடியிருப்பை மாற்றிக்கொண்ட பின் எடுத்தால் இல்லை. அந்த மாற்றம் பெயரளவில் இருந்தால் போதாது. இங்கே வீட்டை வைத்துக்கொண்டு, பேரக்குழந்தைகளைப் பார்க்க ஆண்டுக்கு மூன்று மாதம் வந்து தங்குகிறவரை மாநிலம் தன் குடியிருப்பாளராகவே கருத இடமுண்டு. உயர் பதவியில் இருந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நிறுவனம் தனியாகத் தள்ளிவைத்துத் தரும் சம்பளத் திட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை. பொதுவாக அந்தச் சம்பளம் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் சீரான தவணைகளில் வந்தால்தான் பாதுகாப்பு. மொத்தமாக வாங்கினால், உழைத்த இடமான நியூ ஜெர்சி வரி கேட்கலாம். டெக்சாஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ குடிபெயர்ந்துவிட்டோம் என்பது அங்கே உதவாது.

மொத்தத் தொகையைப் பத்தாண்டுகளில் வந்ததுபோல் பிரித்து வரி போடும் பத்தாண்டுச் சராசரி முறையில் வரியைக் குறைக்கலாம் என்ற பழைய குறிப்பு ஒன்று இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது 1936 ஜனவரி 2-க்கு முன் பிறந்தவர்கள் பங்கேற்ற திட்டங்களுக்கு மட்டுமான ஃபெடரல் சலுகை. நியூ ஜெர்சியில் மொத்தத் தொகைக்குச் சராசரி முறையே கிடையாது. அதை அனுப்பி வைப்பவர்களிடம் அன்போடு இதைச் சொல்லிவிடுங்கள்.

பிற மாநிலங்களில் இருப்போர் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனால், 401(கே)-யில் கட்டும் பணத்துக்கும் அப்போதே வரி வாங்கிவிட்டு, ஓய்வு வயதுக்குப் பின் எடுக்கும் பணத்தை விட்டுவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவிலோ, குறித்த வயதுக்கு முன் எடுப்பவர்மேல் ஃபெடரல் அரசு விதிக்கும் 10 விழுக்காட்டுக் கூடுதல் வரிக்கு மேலாக, மாநிலம் தன் பங்காக இன்னும் 2.5 விழுக்காடு விதிக்கிறது.

நிர்வாகிகளிடம் நான் வேண்டுவது இரண்டு. பொங்கல் விழா முடிந்து, 1099-ஆர் படிவங்கள் வந்து சேரும் பிப்ரவரி முதல் வாரத்தில், உரிமம் பெற்ற வரி வல்லுநர் ஒருவரை அழைத்து ஓய்வுக்கால மொத்தத் தொகைக்கான மாநில வரியைப் பற்றி மட்டும் ஒரு மாலை பேச வையுங்கள். முதலீடும் காப்பீடும் விற்க வருபவர்களை அன்று மேடையேற்ற வேண்டாம். இரண்டாவது, அதுவரை காத்திருக்காமல் இந்த மாதச் செய்திமடலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வீடு மாற்றும்போதும் பரணைச் சுத்தம் செய்யும்போதும் பழைய டபிள்யூ-2 படிவங்களை யாரும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
நியூ ஜெர்சி