அந்த இரண்டு மழைக்காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் நம் கால்பந்து அணியான 'சென்னையின் எஃப்சி'யின் ரசிகர்களுக்குப் பிடித்த காலம் எது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே ஒரே மூச்சில் படித்தேன். 2018 கோப்பைக்கு ஒரு முழுப் பக்கம், 2020 இறுதிப் போட்டிக்கு அரைப் பக்கம், 2014க்கும் 2015க்கும் சேர்த்து நாலே வரி. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரனுக்குச் சென்னைக்குப் போவது பெரிய விஷயமில்லை, ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்து பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். கஷ்டம் திரும்பி வருவதில்தான். ஆட்டம் முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து பெங்களூர் மெயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டு நடுராத்திரிக்கு மேல் காட்பாடியில் இறங்குவோம், காலையில் எட்டு மணிக்குக் கடையும் திறக்க வேண்டும். 2014 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இதே பிழைப்பாகத் திரிந்தேன்.

அந்த முதல் வருடத்தில் எங்கள் பக்கத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும்: "சிதான் தலையால முட்டினாரே, அவரா?" ஆமாம், அதே மார்க்கோ மாட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நள்ளிரவில் டிவியில் பார்த்தவனுக்கு, அந்த மனிதர் எட்டு வருடம் கழித்து நம் அணிக்குப் பயிற்சியாளராக மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பதை நேரில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே பிரேசிலின் எலானோ. அவர் ஃப்ரீகிக் எடுக்கப் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தால் ஸ்டாண்டில் பேச்சு நின்றுவிடும். அந்த சீசனில் 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவருக்கான விருதை வாங்கினார்.

2014 டிசம்பர் 16ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளாவிடம் 3-0 என்று தோற்று வந்திருந்தோம். இனி என்ன என்று பாதிப் பேர் விட்டுவிட்டார்கள், நான் போனேன். சில்வெஸ்தர் ஒன்று அடித்தார், அப்புறம் கேரளாவின் ஜிங்கன் காலில் பட்டு ஒரு சேம்சைடு கோல், 90ஆவது நிமிடத்தில் ஜேஜே மூன்றாவது. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து 3-3. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், அவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூடு என் நெஞ்சில் குத்தியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கூடுதல் நேரத்தில், இன்னும் மூன்று நிமிடம் தாங்கினால் பெனால்டி ஷூட்-அவுட் என்ற நிலையில், 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் அடித்து எங்களை வெளியே அனுப்பினார். அன்றைக்கு ரயிலில் அரக்கோணம் தாண்டும் வரை நாங்கள் நாலு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, 2015க்கு வருகிறேன். கட்டுரையில் "மாட்டராசியின் அணி 2015இல் பட்டம் வென்றது" என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். அந்த வருடம் அக்டோபர் 3 அன்று முதல் ஆட்டமே நம் மைதானத்தில் கொல்கத்தாவிடம் 3-2 என்று தோல்வி. பத்து ஆட்டம் முடிந்தபோது ஆறு தோல்வி, பட்டியலில் அடிமட்டம். அப்போது கடைக்கு வருகிற பையன்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஆனாலும் நீலச் சட்டையைக் கழற்றவில்லை. அப்புறம் கடைசி நாலு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து 22 புள்ளியோடு மூன்றாவது இடத்தில் போய் நின்றோம்.

அதற்குள் மழை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஜனங்கள் பாலத்தில் குடும்பத்தோடு நின்றார்கள், அதுவே எங்களுக்கு அதிசயமாக இருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையே மூழ்கிப் போனது. சைதாப்பேட்டையில் சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ரயில் ஓட ஆரம்பித்ததும் சித்தி, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் மாற்றுத்துணிகூட சரியாக இல்லாமல் காட்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். நம் மைதானத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 12, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர். சித்தி வாழ்க்கையில் ஒரு ஃபுட்பால் ஆட்டம் பார்த்ததில்லை. "நம்ம ஊரு மேட்ச இன்னாத்துக்குடா அங்க போயி ஆடறாங்க?" என்று கேட்டார். ஸ்டேடியம் இருக்கிற நிலைமையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப அவங்களும் நம்மள மாதிரி வீட்ட விட்டுட்டு வந்தவங்கதான்" என்றார். அதற்கப்புறம் ஆட்டம் முடியும் வரை அவர் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. பெலிசாரி, ஜேஜே, மென்டோசா, 3-0. கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2 என்று இறுதிக்குப் போனோம்.

டிசம்பர் 20 ஞாயிற்றுக்கிழமை, கோவாவில், கோவா அணியோடே இறுதி ஆட்டம். கோவா கோல்கீப்பர் கட்டிமணி அன்றைக்கு இரண்டு பெனால்டியைத் தடுத்தார். பெலிசாரி அடித்ததைத் தடுத்தும் பந்து திரும்பி அவரிடமே வந்ததால் அது கோலானது, மென்டோசா அடித்ததை அப்படியே நிறுத்திவிட்டார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீகிக்கில் அடித்து 2-1 என்று கோவா முன்னிலை. சித்தப்பா "போதும்பா, சாப்பிடலாம்" என்று எழுந்துவிட்டார். தட்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், இரண்டு பெனால்டியைத் தடுத்த அதே கட்டிமணியின் பெயரில் 90ஆவது நிமிடத்தில் சேம்சைடு கோல். 92இல் மென்டோசா. 3-2. கையில் குழம்புக் கரண்டியோடு அம்மா, தலையில் துண்டோடு சித்தப்பா, கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏது என்று ஓடி வந்தார். மென்டோசாவுக்கு அந்த சீசனில் 13 கோல். எனக்கு அந்தக் கணக்கைவிட, வெள்ளம் வந்த நாளிலிருந்து சித்தி முதல்முறை வாய்விட்டுச் சிரித்தது பெரிது.

2018 அணிதான் நன்றாக விளையாடியது, அதில் எனக்கு மறுப்பில்லை. பெங்களூரு கன்டீரவா மைதானத்தில் பெங்களூரு அணியின் சேத்ரி 9ஆவது நிமிடத்திலேயே அடித்த பிறகும் மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று 3-2க்கு ஜெயித்ததை யாரால் மறக்க முடியும், அதற்கு முந்தைய அரையிறுதியில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அடித்த கோலையும்தான். என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், அன்றைக்கு மைதானத்தில் இருந்தான். இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம் என்பதால் பக்கத்து சீட்காரர் அவனைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருக்கிறார். ஆனால் அவனைக் கேட்டால் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்த 2019-20தான் என்பான். "மாமா, கீழ கிடந்த டீமு ஃபைனல் போச்சே, அதுவும் உங்க 2015 மாதிரிதானே" என்று வாதாடுவான். கோவாவில் காலி ஸ்டாண்டுகளுக்கு நடுவே கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்ற அந்த இறுதி ஆட்டத்தை அவனால் இன்னும் முழுதாகத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. அவன் காலம் அவனுக்கு.

2025இல் லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்தபோது அந்தப் பழைய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். முதுகில் எலானோ பெயரின் எழுத்துகளில் கடைசி 'ஓ' உரிந்துவிட்டது.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து அந்த இரண்டு வருடமும் ரயிலேறிப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்களைப் பற்றி எழுதும்போது இவர்களையும் கேளுங்கள். இன்னொரு முறை 2015ஐப் பற்றி எழுதினால், புனேயில் ஆடிய அந்த அரையிறுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
காட்பாடி.