ஈரல் வாயினாள அழுத்தமும் எமக்குத் துணைநின்றவர்களும்: ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

ஈரலுக்குள் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் வாயினாளத்தில் அழுத்தம் கூடியதால் எங்கள் அப்பா இரத்த வாந்தியெடுத்து உயிருக்குப் போராடிய நாட்களில் துணைநின்ற உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி கூற இயலாமையால் இம்மடலை எழுதுகின்றோம். அவர் இப்போது உப்புவெளியில் எங்களோடு நலமாக இருக்கிறார்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் சிற்றூழியர்களுக்கும் எமது முதல் நன்றி உரியது. குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் மருந்தையும், கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்தையும் தாமதமின்றி ஏற்றினார்கள். பின்னர், வாய்வழியே கமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புடைத்திருந்த இரத்த நாளங்கள் தெரிந்தன. அவற்றுக்குச் சிறு இறப்பர் வளையங்கள் இடப்பட்டு இரத்தக்கசிவு நிறுத்தப்பட்டது.

உயிரைக் காத்ததோடு நில்லாமல், நோயை எங்களுக்கு விளங்கவைத்த அந்த இளம் வைத்தியரை நாங்கள் தனியே குறிப்பிட வேண்டும். கிளினிக்கில் கையில் பட்டி கட்டி அளந்தபோதெல்லாம் அப்பாவின் பிரசர் சரியாகவே இருந்ததால், அழுத்தம் கூடிவிட்டது என்று அவர் சொன்னதை முதலில் எங்களால் ஏற்க முடியவில்லை. குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் இரத்தத்தை ஈரலுக்குள் கொண்டுசெல்லும் வாயினாளத்தின் அழுத்தம் வேறானது என்றும், அது வழமையாக 5 முதல் 10 மில்லிமீற்றர் இரச அளவே இருக்கும் என்றும், கைப்பட்டி அதைக் காட்டாது என்றும் தாளில் வரைந்து காட்டினார். கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயலுக்கு வரும் வழியில் வாய்க்கால் அடைபட்டால் கரையிலுள்ள சிறு ஓடைகள் பெருகி உடைவதைப் போல, தழும்பேறி இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய நாளங்கள் வழியே திரும்பி அவற்றைப் புடைக்கச் செய்கிறது. மண்ணீரலும் அதனாலேயே வீங்கி, இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகளைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. முன்பு அவருடைய சிறுதட்டு எண்ணிக்கை குறைந்திருந்தபோது டெங்கு என்றே ஊரில் எல்லோரும் எண்ணினோம். இந்நகரில் வேறெதுதான் நினைவுக்கு வரும்?

ஈரல் நோய் என்றதும் அவர் மறைவாகக் குடித்திருப்பார் என்று சிலர் பேசினார்கள். மதுவைத் தொட்டறியாத மனிதரின் மனைவிக்கு அந்தப் பேச்சு நோயைவிடக் கொடியதாக இருந்தது. மது ஒரு காரணம் மட்டுமே என்றும், ஹெப்பரைற்றிஸ் பி, சி வைரசுகளாலும், நீரிழிவோடு சேர்ந்து வரும் ஈரல் கொழுப்பாலும், வாயினாளத்தில் இரத்தம் உறைவதாலும் இந்நிலை ஏற்படலாம் என்றும், அப்பாவுக்கு நீண்டகால நீரிழிவும் கொழுப்புமே காரணம் என்றும் அந்த இளம் வைத்தியர் எங்கள் உறவினர் முன்னிலையில் எடுத்துரைத்தார். அந்தச் சில நிமிடங்களுக்காக அம்மா அவரை நாள்தோறும் வாழ்த்துகிறார்.

இரத்த தானம் செய்ய மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஓடிவந்த தமிழ், முஸ்லிம் நண்பர்களுக்கு எங்கள் கண்ணீர் கலந்த நன்றி. இன்னும் இரத்தம் ஏற்றுங்கள் என்று நாங்கள் மன்றாடியபோது, தேவைக்கு மேல் ஏற்றினால் வாயினாள அழுத்தம் மீண்டும் உயர்ந்து கசிவு தொடங்கக்கூடும் என்பதைப் பொறுமையோடு விளக்கிய தாதியையும் மறவோம்.

வீடு திரும்பிய பின்னும் உதவிகள் நின்றுவிடவில்லை. அப்பா முழங்கால் வலிக்கு டைக்குளோபினாக் கேட்டபோது, அது இரத்தக்கசிவைத் தூண்டுவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று கூறி விற்க மறுத்த மருந்துக்கடைக்காரர், அன்று தமது வருமானத்தைவிட ஓர் உயிரைப் பெரிதாக மதித்தார். வயிற்றில் நீர் தேங்காதிருக்க உப்பைக் குறைக்க வேண்டியிருப்பதால், கருவாடும் ஊறுகாயும் இல்லாமல், தேசிக்காயும் மிளகும் சேர்த்து உருசியாகச் சமைத்துத் தரும் பக்கத்து வீட்டு மாமிக்கு என்ன கைம்மாறு செய்வோம்! வாயினாள அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்ரனலோல் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதை அப்பாவுக்கு அன்றாடம் நினைவூட்டும் அவரது நண்பர்களுக்கும், கிளினிக் நாட்களில் வாடகை வாங்க மறுக்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கும் எங்கள் நன்றி.

நாளங்கள் மீண்டும் புடைத்துள்ளனவா என்று பார்க்க அப்பா அடுத்த எண்டோஸ்கோப்பிக்குச் செல்லவிருக்கிறார். அன்றும் உங்கள் பிரார்த்தனையில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
குடும்பத்தினர்,
உப்புவெளி, திருகோணமலை.