அம்மாவின் கையைப் பிடித்திருந்த தங்கச்சிக்கு

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமில் பார்த்துவிட்டு, அன்றைக்கே பஸ்ஸில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா தனியாகத்தான் போனார்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பயத்தில் அழுதவரின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தூங்கும்வரை கையை விடாமல் பேசிக்கொண்டிருந்தீர்களாம். பெயரைக் கேட்கத் தோன்றவில்லையாம், உங்கள் குரல் மட்டும்தான் நினைவிருக்கிறது.

1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. பணம் கட்ட முடிந்தவர்கள் தரும் வருமானத்திலேயே முடியாதவர்களுக்கும் பார்க்கிறார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் அவர்களே தயாரிக்கிறார்கள். எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

நேற்று நான் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனை வருஷமாச்சு! ரொம்ப நன்றிம்மா.