கதைக்கு மேலே அந்தக் கட்டம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் ஞாயிறு இணைப்பில் சிறுகதைக்கு மேலே, அது எதைப் பற்றிய கதை என்று கட்டம் கட்டி இரண்டு வரி போடுகிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

போன வாரக் கதை நல்ல கதை. வாசலில் நிறையச் செருப்புகள், கொடியில் காயாத வேட்டி, யாரும் தொடாத காபி என்று ஒவ்வொன்றாக வருகிறது. அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்பது மெல்ல உறைக்க வேண்டும். உங்கள் கட்டமோ ‘தந்தையை இழந்த மகளின் துயரம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. அப்புறம் செருப்பு வெறும் செருப்புதான்.

பாரீசில் 1874இல் ஓவியர் மோனே காட்சிக்கு வைத்த துறைமுக விடியல் படத்தில் படகுகள் வெறும் நிழல்கள். கண்ணில் பட்டது பட்டபடி, விளக்கம் இல்லாமல். இந்த ஓவிய பாணிக்கு ‘இம்ப்ரெஷனிசம்’ என்ற பெயரே அந்தப் படத்தின் தலைப்பைக் கேலி செய்த ஒரு விமர்சகரால் வந்ததுதான். எழுத்தில் இதைச் செய்தவர்களில் ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் முக்கியமானவர். ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ கதையில், ஆற்றில் போகும் படகைச் சுற்றிச் சின்னச் சின்னக் குச்சிகள் பறக்கின்றன. அவை அம்புகள் என்று கதை சொல்லும் மார்லோவுக்குப் பிறகுதான் புரிகிறது. சுக்கான் பிடித்தவன் விழுகிறான். மார்லோவின் கால் வெதுவெதுப்பாக நனைகிறது. குனிந்து பார்த்தால் ரத்தம். அவனோடு சேர்ந்து நாமும் அந்தக் கணம் குழம்புகிறோம், அதனால்தான் பயப்படுகிறோம். மேலே ‘படகு தாக்கப்படுகிறது’ என்று கட்டம் போட்டிருந்தால் என்ன மிஞ்சும்?

இது நமக்குப் புதிதும் இல்லை. ஒரு கார்த்திகை மாலை, கணவாய்க் காற்று பனையோலைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. திண்ணையில் பிள்ளைகளுக்குக் குறுந்தொகையின் ஆறாம் பாட்டைச் சொன்னேன். ‘நள்ளென் றன்றே யாமம்’ என்று தொடங்கும். ஊர் உறங்குகிறது, உலகம் உறங்குகிறது, நான் ஒருத்திதான் உறங்கவில்லை, அவ்வளவே. பிரிவு என்ற சொல்லே அதில் கிடையாது. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போன ராத்திரி இப்படித்தான் இருந்துச்சு” என்றாள். அந்தப் பாட்டைப் பாடிய பதுமனார் சொல்லாமல் விட்ட இடத்தில் அவள் தன் ராத்திரியை வைத்துவிட்டாள்.

அவளும் மற்றப் பிள்ளைகளும் இப்போது ஞாயிறுதோறும் உங்கள் கதையைப் படிக்க வருகிறார்கள். கட்டத்தின் மேல் பழைய நாட்காட்டித் தாளை ஒட்டிவிட்டுத்தான் அவர்கள் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கொழிஞ்சாம்பாறை