அடமாஸ் படகுத்துறைப் பெரியவருக்கு நன்றி

கிரேக்கத்தின் மிலோஸ் தீவில், அடமாஸ் படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரே, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. கோடைக்கே உரிய மெல்தெமி வடகாற்று அன்று பலமாக வீசியது. "இன்று வடக்கே சராக்கினிக்கோ வேண்டாம், அலை பாறைமேல் ஏறும். தெற்கே கிளெஃப்டிகோவுக்குப் படகில் போங்கள், மலை காற்றை மறைக்கும்" என்று எங்கள் வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினீர்கள். நகத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

நீங்கள் சொன்னபடியே அங்கே கடல் குளம்போலக் கிடந்தது. வெள்ளைப் பாறைக் குகைகளுக்குள் அம்மா பயமில்லாமல் நீந்தினார். அப்புறம் காற்று தணிந்ததும் சராக்கினிக்கோவின் எரிமலைப் பாறையில் வெறுங்காலோடு நடந்தோம். கிளிமாவின் மீனவர் வீடுகளையும் நீங்கள் சொல்லித்தான் பார்த்தோம்: கீழே படகு, மேலே குடும்பம், கதவுக்குக் கதவு வேறு வண்ணம்.

வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்காக நேரம் ஒதுக்கினீர்கள், காபியும் வாங்கித் தந்தீர்கள். மனமார்ந்த நன்றி ஐயா.